பெட்ரோல்ல தண்ணி! 31,000 ரூபாய் பில்லை யார் கட்டுறது?

மாசம் 24-ஆம் தேதி. சேலரி வர இன்னும் ஒரு வாரம். இஎம்ஐ, வாடகை, எஸ்ஐபி எல்லாம் போக அக்கவுண்ட்ல 6,000 சொச்சம்தான் மிச்சம். அப்போ வொர்க்‌ஷாப்ல இருந்து போன் வருது. "சார், ஃபியூயல் பம்ப் போயிடுச்சு. டேங்க்ல தண்ணி இருக்கு. எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், பார்த்துட்டு ஓகே சொல்லுங்க."

இது போன நவம்பர்ல எனக்கு நடந்தது. வீடியோல ரெண்டு நிமிஷம் மட்டும் இதைப் பத்திச் சொன்னேன். முழுக் கணக்கையும் கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதான் இங்க விரிவா எழுதுறேன்.

முன்னாடி நாள் ராத்திரி. விழுப்புரத்துல சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், விடியற்காலை கிளம்பணும். ஆபீஸ் விட்டு வர்ற வழியில ஒரு பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணேன். 35 லிட்டர், 3,535 ரூபாய். அதுக்கு முந்தின ரெண்டு நாளும் சென்னைல விடாத மழை. பங்க்ல ஒரு ஓரமா டேங்கர் லாரி நின்னு லோடு இறக்கிட்டு இருந்துச்சு. அது எனக்கு அப்போ ஒரு விஷயமாவே படல.

பங்க்ல இருந்து வெளியே வந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் ஒண்ணும் தெரியல. பைப்லயும் ஃபில்டர்லயும் மிச்சம் இருந்த பழைய பெட்ரோல்ல வண்டி ஓடியிருக்கு. அப்புறம் திக்கித் திணற ஆரம்பிச்சுது. செக் எஞ்சின் லைட் எரிஞ்சுது. ஃப்ளைஓவர் ஏறும்போது மொத்தமா நின்னு போச்சு. பின்னாடி ஹாரன் சத்தம், மேல மழை. வண்டி நின்னதும் நான் செஞ்ச முதல் தப்பு, திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அந்தத் தண்ணிய பம்ப் உறிஞ்சி இன்ஜெக்டர் வரைக்கும் தள்ளியிருக்கு. முதல் தடவை நின்னப்பவே விட்டிருந்தா பம்ப் பிழைச்சிருக்கலாம்னு மெக்கானிக் அண்ணன் சொன்னாரு.

செலவைச் சொல்றேன். டோ வண்டிக்கு 2,800. டேங்க்கைக் கழட்டி இறக்கி, கழுவி மாட்ட 3,200. ஃபியூயல் பம்ப் அசெம்பிளி 9,400. நாலு இன்ஜெக்டர் கிளீனிங் 3,600. ஸ்பார்க் பிளக் செட் 1,400. ஆயிலும் ஃபில்டரும் மாத்தினது 3,100. கீழே கொட்டின பெட்ரோல் 3,535. வண்டி இல்லாத ஆறு நாள் கேப் செலவு 4,200. மொத்தம் 31,235 ரூபாய். என் கார் 2017 மாடல் ஹேட்ச்பேக், பெரிய வண்டியெல்லாம் இல்லை.

பெட்ரோல்ல தண்ணி எப்படி வந்துச்சு?

யாரோ பக்கெட்ல மொண்டு ஊத்தினாங்கன்னு நினைக்காதீங்க. அப்படியும் நடக்கலாம், ஆனா பெரும்பாலும் இது பராமரிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பங்க்ல பெட்ரோல் தரைக்கு அடியில இருக்கிற டேங்க்லதான் இருக்கும். அதோட மூடி, லோடு இறக்குற பைப் வாய், அளவு பார்க்குற குழாய், இதுல எங்க சீல் சரியில்லைன்னாலும் மழைத்தண்ணி இறங்கும். பங்க் தரையில தண்ணி தேங்கி நின்னா கேட்கவே வேணாம்.

தண்ணி பெட்ரோலை விட கனம். அடியில போய் தங்கிடும். உறிஞ்சுற குழாய் டேங்க்கோட அடித்தளத்துக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், அதனால சாதாரண நாள்ல அடியில இருக்கிற கொஞ்சம் தண்ணி வெளியே வராது. ஆனா லாரி லோடு இறக்கும்போது உள்ள எல்லாம் கலங்கிடும். நான் போட்டது அந்த நேரத்துல.

இப்போ இதுல எத்தனாலும் சேர்ந்துக்குது. 2023 பிப்ரவரில இ20 பெட்ரோல் அறிமுகமாச்சு. 2025-ல பார்த்தா நாடு முழுக்க கிட்டத்தட்ட எல்லா பங்க்லயும் சாதாரண பெட்ரோல்னாலே 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான். எத்தனாலுக்குத் தண்ணின்னா ரொம்பப் பிரியம். கொஞ்சம் தண்ணி இருந்தா தன்னோட சேர்த்துக் கரைச்சுக்கும், வண்டியும் ஓடிடும். ஒரு அளவைத் தாண்டினா மொத்தமும் பிரிஞ்சுடும். மேல பெட்ரோல், கீழே எத்தனாலும் தண்ணியும் சேர்ந்த கலவை. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ல 100 லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணியே பிரியறதுக்குப் போதும். இ20 அதை விடக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனா பிரிஞ்சுதுன்னா கீழே இறங்குற கலவையோட அளவும் அதிகம், ஏன்னா அதுல எத்தனாலே நிறைய இருக்கு. அந்தக் கலவை உறிஞ்சுற குழாய் வரைக்கும் ஏறி நிக்கும். அதுதான் உங்க வண்டிக்குள்ள வருது.

சாதாரண ஆளுக்குத்தான் இப்படி நடக்கும்னு நினைச்சுடாதீங்க. 2025 ஜூன்ல மத்தியப் பிரதேசம் ரத்லாம்ல அந்த மாநில முதலமைச்சர் மோகன் யாதவோட கான்வாய் வண்டிங்க ஒரு பங்க்ல டீசல் போட்டுட்டு வந்துச்சு. 19 வண்டி வரிசையா நின்னு போச்சு. டேங்க்கை இறக்கிப் பார்த்தா டீசலோட தண்ணி. அதிகாரிங்க பங்க்கை சீல் வெச்சாங்க. முதலமைச்சருக்கு வேற வண்டி வந்துடும். நமக்கு டோ வண்டிதான் வரும்.

ஒரு வைரல் வீடியோவைப் பத்தி

இதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஒரு கண்ணாடி ஜாடியில 80 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணி ஊத்திக் குலுக்குவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அடியில 35 மில்லி கிட்ட நிக்கும். "பார்த்தீங்களா, 15 மில்லி தண்ணி கலந்து ஏமாத்தியிருக்கான்!"னு கத்துவாங்க. அது ஏமாத்து இல்லை. 80 மில்லி இ20-ல 16 மில்லி எத்தனால் இருக்கும். நீங்க ஊத்தின தண்ணியோட அது சேர்ந்து கீழே இறங்கிடுச்சு, அவ்வளவுதான். இந்த வீடியோவை ஆதாரமா எடுத்துட்டுப் போய் பங்க்ல சண்டை போட்டா, மேனேஜர் ரெண்டே நிமிஷத்துல உங்களை மடக்கிடுவாரு.

சரியான சோதனை இதுக்கு நேர் எதிர். தண்ணி எதுவும் சேர்க்காம, டேங்க்ல இருந்து எடுத்த பெட்ரோலை ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டில்ல சும்மா வெச்சுப் பாருங்க. தானாவே ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நின்னாலோ, மோர் மாதிரி கலங்கி இருந்தாலோ பிரச்சனை இருக்கு. என் வண்டில இருந்து எடுத்த பாட்டில்ல அடியில மூணு விரல் அளவுக்கு தனி அடுக்கு நின்னுச்சு. இதை வொர்க்‌ஷாப்லயே பண்ணச் சொல்லுங்க. வீட்டு கிச்சன்ல பெட்ரோலை வெச்சு விளையாடாதீங்க.

இன்சூரன்ஸ் எங்க போச்சு?

நான் பர்சனல் ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவன். ஜீரோ டெப் இருக்கு, எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கு. தெம்பா கிளெய்ம் போட்டேன். ரெண்டே நாள்ல நிராகரிச்சுட்டாங்க.

பாலிசியை எடுத்து முழுசாப் படிச்சேன், வாங்கும்போது படிச்சிருக்கணும். கார் இன்சூரன்ஸ்ல ஓன் டேமேஜ் பகுதி விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் மாதிரி விஷயங்களுக்கு. இயந்திரக் கோளாறும், அதைத் தொடர்ந்து வர்ற நஷ்டமும் அதுல சேராது. ஜீரோ டெப்னா, ஏத்துக்கிட்ட கிளெய்ம்ல பாகங்களோட தேய்மானத்தைக் கழிக்க மாட்டாங்க. கிளெய்மையே ஏத்துக்கலைன்னா அதுக்கு வேலையே இல்லை. எஞ்சின் புரொடெக்ட் எனக்குக் கை கொடுக்கும்னு நம்பினேன். என் பாலிசில அது வெளியே இருந்து எஞ்சினுக்குள்ள தண்ணி புகுந்தாலும், அடிபட்டு ஆயில் கசிஞ்சாலும்தான். டேங்க் வழியா பெட்ரோலோட வந்த தண்ணி அந்த வரையறையில வரல. ஒவ்வொரு கம்பெனி வாசகமும் வேற மாதிரி இருக்கும், உங்க பாலிசில "விலக்குகள்" பகுதியை மட்டுமாவது இன்னைக்கு ராத்திரி படிங்க.

இதுல எனக்கு ரொம்பக் கடுப்பானது வேற. அதே பாலிசில ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருந்திருக்கு. அவங்க நம்பருக்கு போன் பண்ணியிருந்தா டோ இலவசம். நான் பதட்டத்துல கூகுள்ல தேடி முதல்ல கிடைச்ச ஆளுக்கு 2,800 கொடுத்தேன். இப்போ அந்த நம்பரை போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கேன்.

வாரன்டி இருக்கிறவங்களும் அதை நம்பி இருக்காதீங்க. தரமில்லாத எரிபொருளால வந்த சேதத்துக்கு வாரன்டி இல்லைன்னு ஓனர்ஸ் மேனுவல்ல போட்டிருப்பாங்க. இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திடுறேன். இ20 போட்டா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு ஒரு வதந்தி ஓடுச்சு. அப்படி இல்லைன்னு பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல விளக்கம் கொடுத்துச்சு. இ20 போடுறது ஒரு விஷயம், கெட்டுப்போன இ20 போடுறது வேற விஷயம்.

அப்போ இ20-யால நஷ்டமே இல்லையா?

இருக்கு, ஆனா அது வேற வகை நஷ்டம். திடீர்னு வராது, மாசா மாசம் கொஞ்சமா கசியும். ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு எரிசக்தி கம்மி. நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய கார்கள்ல மைலேஜ் 6-ல இருந்து 7 சதவீதம் வரை குறையும், இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு சரிசெஞ்ச கார்கள்ல 1-ல இருந்து 2 சதவீதம் குறையும்னு சொல்லியிருக்காங்க.

மாசம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசச் செலவு 6,733. மைலேஜ் 6 சதவீதம் குறைஞ்சா 7,163. மாசம் 430 ரூபாய், வருஷத்துக்கு 5,160 கூடுது. புது வண்டியா இருந்து 2 சதவீதம்தான் குறையுதுன்னா மாசம் 137 ரூபாய். பழைய வண்டிகள்ல 20,000-30,000 கிலோமீட்டர் ஓடினப்புறம் சில ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம்னும் அமைச்சகமே சொல்லியிருக்கு. பட்ஜெட்ல போட்டு வெச்சுக்கலாம், இதுக்காக பயப்பட வேண்டியதில்லை.

"எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் போட்டுட்டா என்ன ப்ரோ?"ன்னு கேட்குறவங்களுக்கு: லிட்டர் சுமார் 160 ரூபாய். மாசம் 430 ரூபாயை மிச்சம் பிடிக்க 3,900 ரூபாய் கூடக் கொடுப்பீங்க. ஆக்டேன் நம்பர் சுத்தத்தோட அளவும் இல்லை. மூடி சரியில்லாத டேங்க்ல எந்த ஆக்டேன் இருந்தாலும் மழைத்தண்ணி இறங்கத்தான் செய்யும்.

ஆதாரம் இருந்தா பணம் இருக்கு

மறுநாள் பங்க்குக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாத்தான் பேசினாரு. "எங்ககிட்ட போட்டதுலதான் தண்ணின்னு எப்படி சார் சொல்றீங்க? டேங்க்ல முன்னாடியே இருந்திருக்கலாம்ல? பில் இருக்கா?"

பில் இல்லை. மழைல யார் நின்னு பில் வாங்குறது? யுபிஐ மெசேஜ் மட்டும் இருந்துச்சு. நல்லவேளை, அதுல பங்க் பேரும் நேரமும் இருந்துச்சு. கார்டுலயோ யுபிஐலயோ கட்டினா இந்த அளவுக்காவது தடயம் இருக்கும், கேஷ் கொடுத்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். பிரின்ட் பில்லுல எந்த பம்ப், எந்த நாசில், எத்தனை லிட்டர், என்ன நேரம்னு எல்லாம் வரும். இப்போ நான் 500 ரூபாய்க்குப் போட்டாலும் வாங்கிடுறேன்.

நான் சரியா செஞ்ச ஒரே காரியம், டேங்க்கை இறக்கும்போது வொர்க்‌ஷாப்ல நின்னு முழுசா வீடியோ எடுத்தது. வண்டி நம்பர், ஓடோமீட்டர், டேங்க்ல இருந்து பாட்டிலுக்கு வர்ற பெட்ரோல், பிரிஞ்ச அடுக்கு, எல்லாம் ஒரே ஷாட்ல. ரெண்டு பாட்டில் சாம்பிளை மெக்கானிக் முன்னாடியே மூடி, கையெழுத்து வாங்கி வொர்க்‌ஷாப்லயே வெச்சோம். ஜாப் கார்டுல "எரிபொருளில் தண்ணீர் கலப்பு"ன்னு காரணத்தை எழுதச் சொல்லி வாங்கினேன். "ஃபியூயல் பம்ப் மாற்றம்"னு மட்டும் எழுதியிருந்தா அந்தக் காகிதத்தால எந்தப் பிரயோஜனமும் இல்லை.

நான் பங்க்ல நின்னு பேசிட்டு இருக்கும்போதே பைக்கைத் தள்ளிக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க. அதே ராத்திரி, அதே பங்க். மேனேஜர் குரல் அங்கதான் இறங்குச்சு. மூணு பேரும் நம்பர் மாத்திக்கிட்டு, பங்க்ல இருக்கிற புகார் புத்தகத்துல தனித்தனியா எழுதினோம், அதையும் போட்டோ எடுத்தோம். பலகையில இருந்த ஆயில் கம்பெனி நம்பருக்கு போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்கினோம்.

உங்களுக்கு இங்க சில உரிமைகள் இருக்கு. கேட்டா ஃபில்டர் பேப்பர் கொடுக்கணும். நாசில் முனையைத் துடைச்சுட்டு ஒரு சொட்டு விட்டா, நல்ல பெட்ரோல் ரெண்டு நிமிஷத்துல கறை இல்லாம ஆவியாகிடும். மண்ணெண்ணெய், டீசல் மாதிரி கலப்படத்தை இது காட்டும், தண்ணியைக் காட்டாது. அடர்த்தி பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். லாரி வந்தப்போ எழுதின அடர்த்திக்கும் இப்போ அளக்குறதுக்கும், 15 டிகிரிக்கு மாத்திப் பார்த்தா, 3 புள்ளிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கடைசியா வந்த லோடுகளோட சாம்பிளையும் பங்க் எடுத்து வெச்சிருக்கணும். நாங்க இதைக் கேட்டதும் "ஆபீசர் வந்தாத்தான் எடுக்க முடியும்"னு சொன்னாரு. சரி, வரச் சொல்லுங்கன்னு உட்கார்ந்துட்டோம். கம்பெனி ஆபீசர் மறுநாள் வந்து டேங்க்கைச் சோதிச்சு, சாம்பிள் எடுத்துட்டுப் போனாரு.

இதுலயும் நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் தாண்டினா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயும் பண்ணலாம். இந்த மாதிரி சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். சாம்பிளை லேபுக்கு அனுப்பச் சொல்லி ஆணையம் உத்தரவு போட முடியும். பத்திரமா சீல் பண்ணி வெச்ச பாட்டில் அங்கதான் உதவும்.

நான் அதுவரைக்கும் போகல. முதல்ல பங்க் ஓனர் "ஒரு டேங்க் ஃபுல் பண்ணிக்கோங்க தம்பி, விட்டுடுங்க"ன்னாரு. மூணாவது வாரம், வொர்க்‌ஷாப் பில் 20,700, பெட்ரோல் காசு 3,535, ஆக 24,235 ரூபாய் கொடுத்தாரு. டோவுக்கும் கேப்புக்கும் ஆன 7,000 தர முடியாதுன்னுட்டாரு. கூடவே "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை ஏதும் இல்லை"ன்னு ஒரு லெட்டர்ல கையெழுத்து கேட்டாரு. அதைப் போட்டா ஆணையத்துக்குப் போற வழி கிட்டத்தட்ட அடைஞ்ச மாதிரி. 7,000 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போட முடியும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையெழுத்து போட்டுட்டேன். பைக்ல வந்தவர்ல ஒருத்தர் போடல, அவருக்கு அப்போ பணமும் கைக்கு வரல.

அந்த மூணு வாரமும் வொர்க்‌ஷாப்புக்கு பணம் கட்டினது எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து. அது இல்லாம கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் மட்டும் கட்டியிருந்தா, மாசம் மூணு மூணரை சதவீதம் வட்டி தனியா ஏறியிருக்கும். அதோட, பணம் உடனே வேணும்ங்கிற அவசரத்துல அந்த ஒரு டேங்க் பெட்ரோலுக்கே நான் சரின்னு சொல்லியிருப்பேன். காத்திருக்க முடிஞ்சதாலதான் 24,235 வந்துச்சு.

மிச்ச 7,000-ஐ ஃபண்ட்ல திருப்பி வைக்க ரெண்டு மாசம் ஆச்சு. டேங்க்கை கால்வாசிக்குக் கீழே இறங்க விடுறதில்லை, மழைக்காலத்துல ஃபுல்லும் பண்றதில்லை, பத்துப் பதினைஞ்சு லிட்டராத்தான் போடுறேன். போன வாரம் அதே ரோட்டுல வேற ஒரு பங்க்குக்குள்ள திரும்பினேன். ஓரமா டேங்கர் லாரி, பைப் மாட்டியிருந்துச்சு. பெட்ரோல் போடுற தம்பி கையைக் காட்டி "வாங்க சார், வாங்க"ன்னாரு. அப்புறம் வர்றேன் தம்பின்னு சொல்லிட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்தேன்.